ஓரம் தைக்காத அங்கிகள்

ஜெபஸ்டின் தைத்து விற்ற முதல் சட்டைக்கு ‘ஐயம்’ என்று பெயர். அதில் பட்டனுக்கு நேராகக் காஜா இருக்காது. ஒவ்வொன்றும் அரை அங்குலம் விலகியிருக்கும். போட்டுக்கொள்கிறவன் தினமும் காலையில் எது எதோடு பொருந்துகிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அரக்கோணத்து ரயில்வேக்காரர் ஒருவர் அதை வாங்கிப் போனார். பட்டன் போட்டு முடிப்பதற்குள் இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகிவிட்டது. மூன்றாம் நாள் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

“எனக்கு ஐயமே இல்ல தம்பி. இது தப்பாத்தான் தைச்சிருக்குது” என்றார்.

அடுத்தது ‘அநித்தியம்’ புடவை. துவைக்கத் துவைக்கச் சாயம் கரைந்து கடைசியில் வெள்ளையாகிவிடும். எதுவும் நிலையில்லை என்பதை உடுத்துகிறவள் தோளிலேயே சுமக்க வேண்டும். வரலட்சுமி என்கிற அம்மாள் அதைப் புருஷனின் வேட்டியோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டாள். அந்த மனிதர் ஆடிக் கிருத்திகைக்கு நீல வேட்டியோடு திருத்தணி மலைப்படி ஏறினார். நிலைக்காது என்று சொல்லி விற்ற சாயம் வேட்டியில் மட்டும் நன்றாக நிலைத்துவிட்டது.

இதற்கெல்லாம் ஜெபஸ்டின் மனம் தளர்கிற ஆள் இல்லை. வயது முப்பத்தாறு. வடக்கே பெரிய கல்லூரியில் உடை வடிவமைப்புப் படித்து, பெங்களூரில் எட்டு வருஷம் கல்யாண லெஹங்கா தைக்கிற கம்பெனியில் இருந்துவிட்டு, ஆடை என்பது சிந்தனைதான் என்று ஒரு நாள் தெளிந்து, வேலையை விட்டுச் சொந்த ஊரான திருத்தணிக்கே வந்துவிட்டான். அரக்கோணம் சாலையில் மோட்டார் பம்பு கடைக்கு மேலே இரண்டு அறை. வாசலில் பலகை மாட்டினான். பெயர் எழுதவில்லை, வெள்ளைப் பலகையில் கறுப்பாக ஒரு கேள்விக்குறி மட்டும். மலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அதை விசாரணை அலுவலகம் என்று நினைத்து மாடியேறி, “திருப்பதி பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்கள். அவனிடம் தைக்கிற புவனா நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் பஸ் நேரத்தையெல்லாம் சுவரில் எழுதி ஒட்டிவிட்டாள். கடைக்கு நல்ல பெயர் கிடைத்தது அதனால்தான்.

அந்த நிலையில்தான் அவனுடைய அக்கா மார்கரெட் ஒரு சனிக்கிழமை மாடியேறி வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், சபையின் பாடகர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. சபை ஆரம்பித்து நூற்று நாற்பது வருஷம் ஆவதையொட்டிப் பெரிய ஸ்தோத்திர ஆராதனை வைத்திருந்தார்கள்.

“கொயருக்குப் பதினெட்டு அங்கி வேணும்டா. வெள்ளைத் துணி, கழுத்துல ஊதாப் பட்டி. அவ்ளோதான். மூளையைக் கசக்காதே.”

“சரிக்கா” என்றான் ஜெபஸ்டின். அவன் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதே இல்லை என்பதை மார்கரெட் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

காரணம் கனிமொழி. சென்னையில் ஒரு கலைக்கூடம் நடத்துகிறவள். அவனுடைய ‘ஐயம்’ சட்டையைப் போட்டோவில் பார்த்துவிட்டுப் போன் செய்திருந்தாள். “ஹேங்கர்ல தொங்கற ட்ரெஸ் எனக்குப் பேசாது ஜெபஸ்டின். வாழ்க்கைக்குள்ள இருக்கறப்போ பாக்கணும். அப்படி ஏதாவது இருந்தா சொல்லுங்க, வரேன்” என்றாள். பதினெட்டுப் பேர், ஒரே நேரத்தில், பாடிக்கொண்டே. இதைவிட வாழ்க்கை எங்கே கிடைக்கும்?

அவன் மூளையைக் கசக்கினான். பிழிந்ததில் வந்த சொல் ‘முற்றாமை’. மனிதன் முடிந்துபோனவன் அல்ல, ஆகிக்கொண்டே இருப்பவன். ஆகவே அவன் உடுப்பும் முடியக் கூடாது. அங்கியின் கீழ் ஓரமும் கை ஓரமும் மடித்துத் தைக்கப்படாமல் நூல் பிரிந்து தொங்கும்.

அம்மையார்குப்பத்தில் பரந்தாமனிடம் கைத்தறித் துணி எடுக்கப் போனபோது இதை உற்சாகமாக விளக்கினான். பரந்தாமன் தறியிலிருந்து இறங்காமலே கேட்டார். “அப்போ கடைசி ரெண்டு முழம் நெய்யாம வுட்டுடட்டுங்களா?”

புவனா பதினெட்டையும் நேர்த்தியாகத் தைத்துக்கொண்டு வந்து ஓரம் மடிக்கிற இடத்தில் நிறுத்தினாள்.

“அண்ணா, ஹெம்மிங்?”

“வேணாம்.”

“நூலு பிரிஞ்சிகினே போவும்ணா.”

“போகட்டும். அதான் கருத்து.”

“ரெண்டு துவைப்புல கருத்து முட்டிக்கு வந்துடும்ணா.”

வெள்ளிக்கிழமை மாலை பாடல் பயிற்சியின்போது அங்கிகளை எடுத்துப் போனான். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, முன்னால் நின்று, முற்றாமையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினான். பரம்பரை பரம்பரையாகப் பிரசங்கம் கேட்டுப் பழகிய கூட்டம் அது. முகம் சுளிக்காமல் கேட்டது. அவன் மூச்சு வாங்கிய இடங்களில் தலையாட்டியது. முடித்ததும் யாரோ வழக்கப்படி “ஆமென்” என்றார்கள். அதன் பிறகு ப்ளெஸ்ஸி கையைத் தூக்கினாள். கொயரில் இளையவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“முத்தாததுன்னா இன்னாண்ணா? பிஞ்சா?”

“பேரு சரியாத்தான் வச்சிருக்கான்” என்றாள் மார்கரெட், அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து. “எல்லாம் பிஞ்சுதான் கெடக்குது.”

ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு காலேப் கனிவாகச் சொன்னார்: “தம்பி, மனுஷனுக்காக ஆண்டவர் எல்லாத்தையும் சிலுவையில முடிச்சிட்டாரு. நீ மறுபடியும் அவுத்து வுடுறியேப்பா.”

ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. அவர்களுக்கு அவன் ஜான் சார் மகன், ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்த பிள்ளை, மனசு நோகக் கூடாது. மடித்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கனிமொழி மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். மண் நிறக் காட்டன் புடவை, கழுத்தில் மரமணி. ஜெபஸ்டின் அவளைச் சபைக் கோயிலில் மூன்றாவது பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆர்மோனியம் ஒலித்தது. பக்கவாசலிலிருந்து பாடகர் குழு இரண்டிரண்டு பேராக நடந்து வந்தது. ஜெபஸ்டின் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

ஒரு அங்கியில்கூடப் பிசிறு இல்லை. பதினெட்டுப் பேரும் யாரிடமும் சொல்லாமல் அவரவர் வீட்டில் ஓரம் தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ப்ளெஸ்ஸி குழந்தைக் கவுனுக்கு வைக்கிற லேஸை வைத்திருந்தாள். ஜெபசெல்வி ஊதா சாட்டினில் பைப்பிங் கொடுத்திருந்தாள். மனைவியை இழந்து தனியாக இருக்கிற காலேப், கோணி ஊசியும் சணலும் கொண்டு முழ நீளத்துக்கு ஒரு தையலாகப் போட்டிருந்தார். பத்திரம் எழுதுகிற ஜெபதுரை தனக்குத் தெரிந்த வழியில் ஓரத்தைச் சுற்றி ஸ்டேப்ளர் அடித்திருந்தார், நடக்கும்போது மினுமினுத்தது. மார்கரெட்டின் தையல் கண்ணுக்கே தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டபோதுதான் எல்லோரும் அதே பாவத்தைச் செய்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரிந்தது. முதல் பாட்டு கொஞ்சம் நடுங்கித்தான் ஆரம்பித்தது.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும் கனிமொழி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“நீங்க பாதியில விட்டீங்க. அவங்க முடிச்சிருக்காங்க. பதினெட்டு வாழ்க்கை, பதினெட்டு ஓரம்! இத எப்படி யோசிச்சீங்க?”

ஜெபஸ்டின் வாயைத் திறந்தான். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கே நின்று ஊரைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டது.

“ரொம்ப நாளா மனசுல இருந்துதுங்க” என்றான்.

கனிமொழி அங்கேயே முடிவு செய்துவிட்டாள்: மூன்று வாரத்தில் கண்காட்சி. பாடகர் குழுவிடம் போய், “இந்த அங்கிகள் எல்லாம் சென்னையில ஷோவுக்கு வேணும்” என்று கும்பிட்டுக் கேட்டுவிட்டு ரயிலேறினாள்.

செவ்வாய்க்கிழமை மார்கரெட்டும் ப்ளெஸ்ஸியும் பெரிய கட்டைப்பை இரண்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். மார்கரெட் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அப்படி நின்று அவன் பார்த்ததில்லை.

“தப்பு எங்க மேலதான்டா. உன் யோசனையக் கேக்காம கெடுத்துட்டோம். மெட்ராஸ்ல இருந்து ஆள் வந்து கேக்குதுன்னா அதுல ஏதோ இருக்குது. அதான் நேத்து சாயங்காலம் எல்லாரும் கோயில்ல உக்காந்து பிரிச்சிட்டோம்.”

“எத?”

“தையலத்தான். லேஸு, பைப்பிங்கு, எல்லாம். ஜெபதுரை ஒவ்வொரு பின்னா புடுங்கனாரு, பாவம். நீ எப்படிக் குடுத்தியோ அப்படியே இருக்குது. துவைச்சு இஸ்திரி போட்டுருக்கோம்.”

பையைத் திறந்தான். பதினெட்டு அங்கிகள், பளீரென்று வெள்ளையாக, ஓரமெல்லாம் பிசிறு தொங்க, அவன் கனவு கண்ட அதே முற்றாமையோடு கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ‘மன்னிக்கவும்’ என்று எழுதிய சீட்டு.

அன்றைக்குச் சாயங்காலமே புவனாவை உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தான் பார்த்ததுபோலவே கோணலும் மாணலுமாகத் தைக்கச் சொன்னான். அவள் ஒன்றைத் தைத்துக் காட்டினாள். தையல் ரூல் தடி போட்டதுபோல் நேராக இருந்தது.

“இன்னும் மோசமா புவனா.”

“நல்லாத் தைக்கத்தான்ணா கத்துக்கினேன். மோசமா தைக்க வரல.”

அவனே ஊசியை எடுத்தான். பென்சிலும் பேச்சுமாகவே பல வருஷம் ஓடியிருந்தது. நாலு இடத்தில் குத்திக்கொண்டான். துணியில் ரத்தப் பொட்டு விழுந்ததுதான் மிச்சம். மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

மார்கரெட் நோட்டு திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பொண்ணுகிட்ட நீதான் யோசிச்சு செய்ய வச்சேன்னு சொன்னியா?”

“ஆங்.”

“கோயில்லயா பொய் சொன்னே?”

“வாசல்லதாங்க்கா.”

“வாசலும் கோயிலுதான். இத என்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? வெள்ளிக்கிழமை வா, அவங்ககிட்ட சொல்லு.”

சொன்னான். இந்த முறை இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ‘ஆகிக்கொண்டே இருத்தல்’ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ஜெபசெல்வி கேட்டாள், “அப்போ எங்க தையலு நல்லாருந்துச்சுன்னா அந்தம்மா சொல்லுச்சு?”

“அழுதுட்டாங்க.”

“அப்போ மறுபடியும் தைச்சுத் தரோம். ஆனா எங்க பேரு போடணும்.”

“கண்டிப்பா போடறேன்” என்றான்.

கனிமொழிக்கும் அன்றைக்கே போன் போட்டான். “உங்ககிட்ட சொன்னது பொய்ங்க. நான் யோசிக்கல. பிசிறோட நிக்க வெட்கப்பட்டுகினு அவங்களாவே தைச்சிட்டாங்க” என்றான்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “வெட்கம்!” என்றாள் கனிமொழி. “எவ்வளவு பெரிய விஷயம் ஜெபஸ்டின். வெட்கம்தானே மனுஷனோட முதல் தையற்காரன்? கேட்டலாக்ல போட்டுடறேன்.”

போனை வைத்தான். தப்பு என்று ஒப்புக்கொள்ளப் போனால் அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறாளே, இந்த அம்மாளிடம் எப்படித்தான் தப்புச் செய்வது என்று அவனுக்கு விளங்கவில்லை.

பத்து நாளில் அங்கிகள் வந்தன. சென்னைக்குப் போகிறது என்று தெரிந்துவிட்டதால் ஒருவரும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. ப்ளெஸ்ஸி லேஸை மூன்று அடுக்காக வைத்திருந்தாள். ஜெபசெல்வி ஓரம் முழுக்கத் திராட்சைக்கொடி ஓடவிட்டிருந்தாள். ஜெபதுரை தங்க நிறத்தில் பின் தேடி வாங்கியிருந்தார். காலேப் சிவப்புச் சணலில் தன் பெயரையே எழுதியிருந்தார். இடம் போதாமல் ‘ப்’ முதுகுப் பக்கம் போயிருந்தது.

“பழைய மாதிரியே போதும்னு சொன்னேனே” என்றான் ஜெபஸ்டின்.

“அது அவசரத்துல தைச்சது தம்பி” என்றார் காலேப். “இது கலை.”

சனிக்கிழமை கண்காட்சி. காலையில் போய்ப் பார்த்தபோது பெரிய வெள்ளைச் சுவரில் பதினெட்டு அங்கிகளும் வரிசையாகத் தொங்கின. கீழே ஒரே ஒரு அட்டை: முற்றாமை – ஜெபஸ்டின்.

“அவங்க பேரு?”

“பதினெட்டுப் பேரு எழுதினா சுவர் ரொம்பப் பேசும். சுவர் அமைதியா இருக்கட்டுமே” என்றாள் கனிமொழி.

அவன் இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அட்டையில் தன் பெயர் தனியாக, அழகான எழுத்தில், சுற்றிலும் நிறைய இடம் விட்டு இருந்ததைப் பார்த்தான். சொல்லவில்லை.

பதினோரு மணி ரயிலில் வந்த பாடகர் குழு, ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், தலையில் மல்லிகைப்பூவோடும் கையில் புளிசாதத் தூக்கோடும் உள்ளே நுழைந்தது. கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் கையில் கண்ணாடி டம்ளரோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெபசெல்வி சுவர் ஓரமாகவே நடந்து போனாள். அந்தக் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். அட்டையைக் குனிந்து படித்தாள். பிறகு அங்கியின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், அங்கேயாவது இருக்குமோ என்று.

“எங்க பேரு கீது இங்க எங்கியும் காணமே மார்கரெட்டக்கா?”

மார்கரெட் தம்பியைப் பார்த்தாள். ஜெபஸ்டின் தரையைப் பார்த்தான். அவள் நேராகப் போய்த் தன் அங்கியை ஹேங்கரிலிருந்து எடுத்தாள். தலைவழியாகப் போட்டுக்கொண்டு கையை நீவிவிட்டாள்.

“நாளைக்குக் கோயில்ல அறுப்பின் பண்டிகை. கொயருக்கு அங்கி வேணும்” என்றாள் பொதுவாக.

ப்ளெஸ்ஸி எடுத்தாள். காலேப் எடுத்தார். காவலாளி “தொடாதீங்க, தொடாதீங்க” என்று ஓடிவந்தான். கனிமொழி அவனைக் கையமர்த்திவிட்டுப் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷத்தில் பதினெட்டுப் பேரும் அங்கி மாட்டிக்கொண்டு, தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு பேராக வாசலைப் பார்த்து நடந்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டுக் கைதட்டியது. ஒருவர் “பிரமாதம்” என்று கத்தினார். ஜெபஸ்டின் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். மார்கரெட் அவனைக் கடந்தபோது, “சாப்டியா?” என்றுகூடக் கேட்கவில்லை.

வெறும் ஹேங்கர்கள் பதினெட்டும் சுவரில் ஆடிக்கொண்டிருந்தன. புதன்கிழமை ஒரு ஆங்கிலப் பேப்பரில் அவற்றைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. இந்த வருஷத்தின் துணிச்சலான படைப்பு என்று எழுதியிருந்தார்கள். அங்கிகள் இருந்த அந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் அலங்காரமாக இருந்ததாகவும், போன பிறகுதான் ஆழம் வந்ததாகவும் விமர்சகர் கருதினார். கனிமொழி கண்காட்சியை இன்னும் இரண்டு வாரம் நீட்டினாள்.

ஜெபஸ்டின் அன்றே ரயிலேறிப் போனான். “அவங்க பேரு போடலன்னா என் பேரையும் எடுத்துடுங்க. இனிமே என் துணி எதுவும் இங்க வராது” என்று நின்றுகொண்டே சொன்னான். பேச்சில் அவ்வளவு தெளிவாக அவன் இருந்ததே இல்லை.

கனிமொழி யோசித்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. “ஒவ்வொரு காலி ஹேங்கருக்குக் கீழயும் ஒரு பேரு. சின்னதா. ஐயோ... போடுங்க, போடுங்க.”

அவனே தன் கையால் பதினெட்டு அட்டை எழுதி, ஹேங்கருக்கு ஒன்றாக ஒட்டிவிட்டு, நெஞ்சு லேசாகி ஊர் திரும்பினான்.

வெள்ளைச் சுவர், வெறும் ஹேங்கர், கீழே ஒரு பெயர். பார்க்க வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். தலை குனிந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் ப்ளெஸ்ஸியின் பெயருக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றினாள். யாரோ காலேப்பின் அட்டைக்குக் கீழே வெள்ளை ரோஜா வைத்தார்கள். அது படமாகி வாட்ஸப்பில் ஏறி, வெள்ளிக்கிழமை அரக்கோணத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கேதான் காலேப்பின் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை மார்கரெட் போன் செய்தாள். ஒரு வாரத்தில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

“உடனே காலேப்பண்ணன் வீட்டுக்கு வா. மாலை போட வந்துட்டாங்க.”

“யாருக்கு?”

“அவருக்குத்தான்டா!”

ஓடினான். வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே பதினைந்து பேர் கறுப்பும் வெள்ளையுமாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். காலேப் லுங்கியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலில் ஒரு பெரிய மலர் வளையம் சாய்ந்திருந்தது. ஜெபஸ்டின் அவர் காலருகே போய் உட்கார்ந்தான்.

“மன்னிச்சிடுங்கண்ணா. உங்க பேரப் போடணும்னுதான் செஞ்சேன். இன்னைக்கே போய் எல்லாத்தையும் கழட்டிடறேன்.”

“பரவால்ல தம்பி” என்றார் காலேப். “தன் சாவுக்கு யாரு யாரு வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியுமா? நான் தெரிஞ்சிக்கினேன்.” மலர் வளையத்தைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சொந்தத்துல ரெண்டு பேரு வரல. அதுல ஒருத்தன் நம்ம கொயர்லதான் எனக்குப் பக்கத்துல நின்னு பாடறான். நாளைக்குக் கேக்கறேன்.”